இடது பக்கத்து பிரேக்

என் அருமை மகனே,

மலை மேலே முருகனும் மலைக்குக் கீழே நானுமாகத்தான் இந்தத் திருத்தணியைக் காத்துவருகிறோம். அவருக்கு வேல், எனக்கு பிரேக். ஓட்டுகிறவர் காலடியில் இருக்கிற சாதாரண பிரேக்கைச் சொல்லவில்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இடது பக்க சீட்டுக்கு முன்னால், சொல்லிக்கொடுக்கிறவன் காலுக்கென்று தனியாக ஒன்று வைத்திருப்பார்களே, அந்த இரண்டாவது பிரேக். முப்பத்தோரு வருஷமாக அரக்கோணம் சாலையில் அதை மிதித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உயிர் பிழைத்தவர்களை வரிசையாக நிற்க வைத்தால் வால் ஆந்திராவுக்குள் நுழைந்து நகரியையும் தாண்டிவிடும். ஆடு, மாடு, கோழிகளுக்குத் தனி வரிசை.

நீயும் மருமகளும் கோயம்புத்தூருக்குப் புறப்பட்டு ஆறு மணி நேரம் ஆகிறது. உங்கம்மா, நீங்கள் விட்டுப்போன சாமான்களைத் தேடிக் கண்டுபிடித்து மேசை மேல் குவித்து, ஒவ்வொன்றுக்கும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். நான் மூலையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நான்தான் பேசுவேன். காகிதத்தில் நான் எவ்வளவு அளந்தாலும் உன் முறையைப் பறித்ததாக ஆகாது. இன்னொன்று, இதை வேறு நாலு அப்பன்மார் படித்தாலும் நல்லதுதான். பிள்ளை வாயைத் திறப்பதற்குள் பிள்ளையின் வாக்கியத்தை முடித்துவைக்கிற ஜாதி, என் ஒருவனோடு நின்றுவிடவில்லை.

என் வலது காலின் சரித்திரம் உனக்குத் தெரியாததல்ல. அது எனக்குச் சொந்தமான கால் என்பது பேச்சுக்குத்தான். அது யாரையும் கேட்காது. திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். எங்கேயோ ஒரு லாரி குறுக்கே வரும். பஸ் டிரைவர் பார்ப்பதற்கு முன்னால் என் கால் தகரத் தரையை ஓங்கி மிதிக்கும். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார். சலூனில் கத்தி காதோரம் வந்தால் மிதிக்கும். சினிமாவில் கதாநாயகனின் கார் பள்ளத்தில் பாயும்போது மிதித்து, பக்கத்தில் இருந்த அம்மாளின் கால் விரலை மிதித்து, இடைவேளை வரைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் கல்யாணத்தில் நீ தாலி கட்டக் கையைத் தூக்கினபோது மேடைப் பலகை 'டம்' என்று அதிர்ந்ததே, அது கெட்டிமேளம் இல்லை. இந்தக் காலை விஞ்ஞானிகள் கேட்டு வாங்கிப்போய்க் கண்ணாடிப் பெட்டியில் வைக்காதது இந்த நாட்டின் நஷ்டம்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பில்லாத பாகத்துக்கு வருகிறேன். அந்த மாதிரிக் கால் என் வாய்க்குள்ளும் ஒன்று இருந்தது.

உனக்கு நாலு வயதில் திக்கல் வந்தது. ஒரு சொல்லின் முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பாய். கண்ணை இறுக்கி மூடுவாய், கழுத்து நரம்பு புடைக்கும். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. வண்டி பள்ளத்தில் சாயப்போகிறது என்று கால் சொல்லுமே, அதே மாதிரி வாய் பாய்ந்து மிச்சத்தைச் சொல்லிவிடும். நீ 'த' என்றால் நான் 'தண்ணி'. நீ 'சை' என்றால் நான் 'சைக்கிள்'. நீ தலையை ஆட்டுவாய். உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலுக்குப் போவோம். சர்வர் வந்து நிற்பார். நீ 'பொ... பொ...' என்பாய். நான் 'பொங்கல்' என்பேன். மூன்றாம் வருஷத்திலிருந்து அதற்கும் தேவையில்லாமல் போனது. நம் தலை தெரிந்ததுமே அந்தப் புண்ணியவான் ஒரு பொங்கலைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்துவிடுவார்.

பதினெட்டு வயதில் நீ கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாய். அதாவது எழுதிக் காட்டினாய். தமிழகத்தின் தலைசிறந்த ஆசான் வீட்டிலேயே இருக்க, நீ என்னோடு மூன்றே மூன்று நாள் வந்தாய். மூன்று நாளும் நீ பிரேக்கைத் தேடுவதற்குள் நான் போட்டுவிட்டேன். நாலாம் நாள் காலை ரயிலேறி அரக்கோணம் போய், என் பரம எதிரியின் பள்ளியில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டாய். எட்டுத் திசையிலும் சிரித்தார்கள். எனக்கு மானம் போனதுதான் தெரிந்தது. நீ எதிலிருந்து தப்பி ஓடினாய் என்பது அப்போதும் உறைக்கவில்லை.

உறைத்தது போன வருஷம், பள்ளிப்பட்டில் உனக்குப் பெண் பார்க்கப் போன அன்று. பெண்ணின் தாய்மாமன் உன்னைப் பார்த்து என்ன வேலை என்று கேட்டார். நீ 'மோ' என்று ஆரம்பித்தாய். மோட்டார் பம்பு கம்பெனி, கோயம்புத்தூர், நிரந்தர வேலை, மேலதிகாரிக்கு நீ இல்லாமல் சோறு இறங்காது என்று நான் முழங்கினேன். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார்கள், நான் சொன்னேன். பெண்ணிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள், அதையும் நானே கேட்டேன். காபி ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார். வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. மாமனாரு பேச்சு அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிக்கிச்சாம். மாப்ள பேச்சைத்தான் இன்னும் கேக்கலையாம். வாயில்லாத புள்ளைக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறதுன்னு கேக்கறாங்க."

வாயில்லாத பிள்ளை. உன் வாயை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தவன் நான். நீ அன்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாய். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. நான் நடுவில் மூன்று இடத்தில் புகுந்தேன். மூன்று முறையும் நீ தலையை ஆட்டாமல் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாய். "நைனா, நீ பேசிக்கினே இரு, நான் கேட்டுக்கினே இருக்கேன்." அதற்குப் பிறகு மூன்று மாதம் உன் குரல் இந்த வீட்டுக்கு வரவில்லை. உங்கம்மாவின் போனுக்கு மெசேஜ் வரும். எனக்கு அதுவும் வராது. அடுத்த முறை ஒரு வீட்டில் நான் வாயை மூடிக்கொண்டு உட்காராவிட்டால், உனக்கு ஒரு பெண் கிடைக்காது என்பது சின்ன நஷ்டம். எனக்கு ஒரு மகன் இருக்க மாட்டான்.

அந்த நாட்களில்தான் டீச்சர் வந்தார். நான் இந்த அம்மாவைப் பற்றி உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. தினம் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் ஓர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள், திக்குகிற பிள்ளைகள், எல்லோருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் கார் கற்றுக்கொண்டார். சித்தூர் சாலையில் ஒரு எருமை. அது ரோட்டைக் கடக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் கால் இறங்கிவிட்டது. வண்டி குலுங்கி அணைந்தது. டீச்சர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணா, நீங்களே போட்டுக்கினு இருந்தா நான் எப்ப போடறது?"

"கால் தானா போவுதும்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

"போற காலை நிறுத்தறதுக்கும் தலைக்குள்ள ஒரு பிரேக் இருக்குண்ணா. உங்களுக்கு அது துருப்புடிச்சிருக்கு."

பிரேக்குக்கு ஒரு பிரேக்! முப்பத்தோரு வருஷத் தொழிலில் எனக்குத் தெரியாத பெடல் ஒன்றை நேற்று கியர் போடக் கற்றுக்கொண்டவர் காட்டுகிறார். எருமை போன பிறகும் வண்டியை எடுக்காமல் அங்கேயே நிறுத்தி விளக்கினார். பழகின காரியத்துக்கு மூளை யோசிப்பதில்லையாம். கண்ணில் பட்டதும் உத்தரவு கிளம்பிவிடும். அதை நிறுத்த நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பாகம் இன்னொரு உத்தரவு அனுப்ப வேண்டும். முதல் உத்தரவு முன்னால் ஓடுகிறது, இரண்டாவது துரத்துகிறது. "ரயில் மாதிரிதாண்ணா. கிளம்பின ரயில் சிக்னலைத் தாண்டறதுக்குள்ள சிவப்பு விழணும். ஒரு நொடியில சின்னப் பங்கு லேட்டானா, ரயில் போயிடும். அப்புறம் சிவப்பைப் போட்டு இன்னா லாபம்?" தூக்கம் கெட்டால், குடித்தால், பதற்றத்தில் இருந்தால் அந்தச் சிவப்பு தாமதமாக விழும் என்றார். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பாகம் முற்ற வெகுகாலம் ஆகும், அதனால்தான் அவர்கள் பந்துக்குப் பின்னால் ரோட்டில் ஓடுகிறார்கள் என்றார். சில பேருக்கு ஐம்பத்தெட்டு வயதிலும் முற்றவில்லை என்பதை அவர் மரியாதைக்காகச் சொல்லவில்லை.

நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். போன எருமைக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், திக்கல் என்னால்தான் வந்ததா என்று கேட்டேன். பத்தொன்பது வருஷமாகக் கேட்கப் பயந்த கேள்வி அது.

"இல்லண்ணா. திக்கல் உங்களால வரல. அப்பா அம்மாவால அது வர்றதில்ல. ஆனா திக்கினாலும் அவர் பேச்சு அவரோடது. அதை நீங்க புடுங்கிக்கினு இருந்தீங்க. அவர் சிக்கிக்கினு நிக்கறப்ப அவருக்கு வேண்டியது சொல் இல்ல. நேரம்."

பயிற்சி ஆரம்பமானது. முன்கூட்டியே தயாராக இருந்தால் சிவப்பு சீக்கிரம் விழும், மஞ்சள் விளக்கைப் பார்த்த ரயில் மெதுவாக வருகிற மாதிரி என்று டீச்சர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். போன் அடித்தால் மூன்றாவது மணி வரை எடுப்பதில்லை. உங்கம்மா ஒரு பழமொழியை ஆரம்பித்தால் முடித்துவைப்பதில்லை. அவள் பாதியில் நிறுத்தி, "உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என் அகந்தை மலை ஏறியது. ஆடிக் கிருத்திகையன்று முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறுவது, காவடிக்காரர்கள் 'முருகனுக்கு' என்னும்போது 'அரோகரா' சொல்லாமல் வாயை அடக்குவது என்று சபதம் எடுத்தேன். இந்த ஊரில் பிறந்த வாய்க்கு அதைவிடப் பெரிய சோதனை உண்டா? தூக்கத்தில் சொன்னாலும் பதில் வரும். முதல் கூப்பாட்டுக்குப் பல்லைக் கடித்தேன். இரண்டாவதுக்கு வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். நாலாவதுக்குக் கண்ணில் நீர் வந்தது. ஐந்தாவதுக்கு நான் போட்ட 'அரோகரா'வில் முன்னால் போன மூன்று காவடி தடுமாறியது. மேலே சாமி ஒரு நிமிஷம் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

இதை டீச்சரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "சாமி பேரை எதுக்குண்ணா நிறுத்தினீங்க? உங்களுக்கு நல்ல பிரேக் ஏற்கெனவே இருக்கு. தாலுக்கா ஆபீஸ்ல தமிழ் பேசறப்ப உங்க தெலுங்கு எங்க போவுது?" உண்மைதான். நம் பக்கத்து ஆட்களுக்குத் தலைக்குள் இரண்டு பாஷையும் ஒன்றாகவே முண்டிக்கொண்டு நிற்கும். ஒன்று பேசினால் மற்றதை உள்ளே பிடித்து வைத்திருக்கிறோம். கால் விரலில் கல் இடித்தால்தான் பிடி நழுவித் தெலுங்கு வெளியே வரும். வாழ்நாளெல்லாம் செய்துகொண்டிருக்கிற வேலைதான், பிள்ளைக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செய்யுங்கள் என்றார்.

இனி, அடுத்ததாகப் பெண் பார்க்கப் போன அம்மையார்குப்பம். நீயும் அங்கே இருந்தாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீ இருந்த நாற்காலியில் நான் இல்லை. என் நாற்காலியில் நடந்ததை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நாம் வருகிறோம் என்று பெண்ணின் அப்பா தன் நாலு விசைத்தறியையும் நிறுத்தியிருந்தார். பக்கத்து வீட்டுத் தறி மட்டும் சுவருக்கு அந்தப்புறம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் கேள்விகளை எல்லாம் உன்னிடம் கேட்டார்கள். நீ மெதுவாகச் சொன்னாய். அங்கங்கே நின்றாய், திரும்ப எடுத்தாய். நான் மேல் வரிசைப் பல்லால் கீழ் உதட்டைப் பூட்டி வைத்திருந்தேன். அப்போது அந்தப் பெண் நேராக உன்னைப் பார்த்து, "எங்கிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றாள். நீ "உ" என்றாய். அங்கேயே நின்றுவிட்டது.

உ. உ. உ.

கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் ஒரு பருவத்துக் கரும்பை அரைத்து முடித்திருக்கலாம் அந்த நேரத்தில். உன் கழுத்து நரம்பு புடைத்தது. என் வாயில் பதினோரு கேள்விகள் டிக்கெட் வாங்கி வரிசையில் நின்றன. உங்க படிப்பு என்ன, உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா, ஊர் மாறி வர இஷ்டமா? எது வேண்டுமானாலும் போட்டு அந்தப் பள்ளத்தை மூடிவிடலாம். கால் தரையை மிதித்தது. மிதித்துக்கொண்டே இருந்தது. தட்டில் இருந்த ஜாங்கிரியை முழுசாக வாயில் அடைத்துக்கொள்ளலாம் என்று கை நீண்டது. அது வாயை அடைப்பது, நிறுத்துவது இல்லை என்று கையையும் இழுத்துக்கொண்டேன். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். 'நீங்களாவது சொல்லக்கூடாதா' என்கிற பார்வை. நான் அவர் வீட்டு உத்தரத்தைப் பார்த்தேன். அதில் எத்தனை ஆணி என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

"உ... உங்களுக்கு... நான் பேசறதுக்கு ஆகற நேரம்... பரவாயில்லையா?"

என் பதினோரு கேள்வியில் அது இல்லை மகனே. நான் பதினோராயிரம் வைத்திருந்தாலும் அதில் அது இருந்திருக்காது. ஒரு மனிதன் தன் வாழ்க்கைக்குக் கேட்க வேண்டியது அந்த ஒன்றுதான். அதை நான் எத்தனை வருஷமாக உன் வாய்க்குள்ளேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்!

அந்தப் பெண் கொஞ்சமும் அசரவில்லை. "எங்க வீட்ல நாலு தறி ஓடும்ங்க. நான் ஒண்ணு கேட்டா எங்கப்பா பதில் சொல்றதுக்கு, நூல் அறுந்து தறி நிக்கணும். பொறந்ததுலேருந்து நாங்க காத்துக்கினு இருந்துதான் பேசறோம். நீங்க எவ்ளோ நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா மாமா இன்னா, வந்ததுலேருந்து தரையை மிதிச்சிக்கினே இருக்காரு?" என்றாள். வீடே சிரித்தது. நீ சிரித்ததைத்தான் நான் பார்த்தேன். அன்றே சொல்லிவிட்டேன், இந்த வீட்டுக்கு ஏற்ற ராணி இவள்தான் என்று. மனதுக்குள் சொன்னேன். கவனி, மனதுக்குள்.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இறங்கினோம். சர்வர் பழக்க தோஷத்தில் பொங்கலோடு வந்துவிட்டார். நீ கையை உயர்த்தி நிறுத்தினாய். "பொ... பொ..." என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"பொ... பொடி தோசை."

சர்வர் பொங்கலும் கையுமாகச் சிலையாகிவிட்டார். நீ என்னிடம் குனிந்து, ரொம்பப் பொறுமையாக, "நைனா, எனக்குப் பொங்கல் புடிக்கவே புடிக்காது" என்றாய். எத்தனை ஞாயிற்றுக்கிழமை! கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. குண்டான் குண்டானாகப் பொங்கலை உனக்கு ஊட்டியிருக்கிறேன், அன்பின் பெயரால். அன்றைய பொங்கலை நானே சாப்பிட்டேன். தண்டனையாக அல்ல, நெய் நன்றாக இருந்தது.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை ஒன்றே ஒன்றில்தான் இருக்கிறது, அதனால் ஒன்றோடு நிறுத்துகிறேன். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். பிறந்த அன்றே உனக்கும் ஒரு கால் முளைக்கும், இடது பக்கத்து பிரேக்கைத் தேடும் கால். பிள்ளை பந்துக்குப் பின்னால் ரோட்டில் ஓடினால் யோசிக்காதே, மிதி. அதற்குத்தான் அந்தக் காலைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளை சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கும்போதும், கணக்கில் தப்பான இடத்தில் பென்சிலை வைக்கும்போதும், ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு வாயைத் திறந்தபடி நிற்கும்போதும் உன் கால் போகும். அங்கேதான் அதை நிறுத்த வேண்டும். கஷ்டமாக இருந்தால் உத்தரத்து ஆணியை எண்ணு. ராத்திரி நன்றாகத் தூங்கு. தூங்காத அப்பனுக்குச் சிவப்பு விழாது. நான் இன்னும் ஜெயித்துவிடவில்லை. போன வாரம்கூட மருமகள் 'நாளைக்கு' என்றதும் 'மழை வரும்' என்றேன். அவள் சொல்ல வந்தது நாளைக்குத் தன் பிறந்தநாள் என்று.

இன்று காலை நடந்ததோடு முடிக்கிறேன். சாமான் ஏற்றியாயிற்று. மருமகள் பக்கத்து சீட்டில், அந்தப் பக்கம் பிரேக் இல்லாத சீட்டில், நிம்மதியாக உட்கார்ந்துவிட்டாள். தெருவே வழியனுப்ப வந்திருந்தது. நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து "போ..." என்றாய். நின்றுவிட்டது.

பொடி தோசையாவது யாருக்கும் தெரியாது. இது என்ன சொல் என்று எதிர்வீட்டு நாய்க்கும் தெரியும். பால்காரர் வாயைத் திறந்தார். உங்கம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. என் கால் தெருப் புழுதியை மிதித்தது. நன்றாகத் தெரிந்த சொல்லானாலும் அது உன்னுடையது. நான் நின்றேன். நீயும் அவசரப்படவில்லை. கழுத்து நரம்பு புடைக்கவில்லை, கண்ணை இறுக்கவில்லை. நேரம் உன்னுடையது என்று உனக்குத் தெரிந்திருந்தது.

"போ... போய்ட்டு வரேன் நைனா."

பார்த்துப் போ, வேகம் வேண்டாம், லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதே, சாப்பிட நிறுத்து, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று முப்பத்தோரு வருஷத்து வாத்தியார் வாயில் ஒரு ரயில் நிறைய ஏறி உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் சிவப்பு போட்டேன்.

"ஆங்," என்றேன்.

இப்படிக்கு,
இடது பக்கத்து சீட்டிலிருந்து,
உன் நைனா